டேப்பா, ஸ்பேஸா? பலர் சேர்ந்து எழுதும் நிரலில் உள்தள்ளல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையில் இரண்டுமே வெற்றிடமாகத்தானே தெரிகின்றன. உள்ளே என்ன வேறுபாடு?

உள்தள்ளல் என்பது வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம். அதற்கு உதவும் ஸ்பேஸ், எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில், 32ஆம் எழுத்து. எங்கே போட்டாலும் ஓர் இடம் பிடிக்கும். டேப் 9ஆம் எழுத்து. அதற்கென்று அகலம் கிடையாது. "அடுத்த நிறுத்தம் வரை நகரு" என்பதுதான் அதன் பொருள். டெர்மினலில் 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம். வரியின் தொடக்கத்தில் அடித்த டேப் 8 இடம் பிடிக்கும். மூன்று எழுத்துக்குப் பின் அடித்தால் 5 இடம்தான். எடிட்டரில் இதை 2, 4 என்று அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். பிரவுசர், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் எதுவும் சொல்லாவிட்டால், 8 என்று எடுத்துக்கொள்ளும்.

எனவே ஸ்பேஸில் எழுதியவர் கண்டதையே படிப்பவரும் காண்பார். டேப்பில் படிப்பவர் தனக்கு வேண்டிய அகலத்தில் காண்பார். இரண்டுக்கும் பயன் உண்டு. கலக்கும்போதுதான் கேடு.

கோப்பில் எது இருக்கிறது என்று பார்க்க, லினக்ஸில் கேட் கட்டளைக்கு மைனஸ் பெரிய ஏ சேர்த்தால் போதும். டேப் இருக்குமிடத்தில் தொப்பிக்குறியும் ஐ எழுத்தும், வரி முடிவில் டாலர் குறியும் தெரியும்.

கலந்தால் அப்படி என்ன கெட்டுவிடும்?

பைத்தான் 2 காலத்து நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபார் லூப் 4 ஸ்பேஸ் தள்ளித் தொடங்குகிறது. அதன் உள்வரி 8 ஸ்பேஸ். அடுத்த வரியை வேறொருவர் ஒரே ஒரு டேப் அடித்து எழுதுகிறார். அவர் எடிட்டரில் டேப் அகலம் 4. அவர் கண்ணுக்கு அந்த வரி லூப்புக்கு வெளியே, ஃபார் என்ற சொல்லுக்கு நேர் கீழே நிற்கிறது. பைத்தான் 2 டேப்பை 8இன் அடுத்த மடங்காகக் கணக்கிடும். அதற்கு அந்த வரி லூப்புக்கு உள்ளே. கடைசியில் ஒருமுறை ஓட வேண்டிய வரி ஒவ்வொரு சுற்றிலும் ஓடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

2008இல் வந்த பைத்தான் 3 இந்த வழியை அடைத்துவிட்டது. டேப் அகலத்தைப் பொறுத்து அர்த்தம் மாறக்கூடிய கலப்பைக் கண்டால் டேப்எரர் கொடுத்து நின்றுவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு ஃபங்ஷன் முழுக்க டேப், அடுத்த ஃபங்ஷன் முழுக்க ஸ்பேஸ் என்றிருந்தால் பைத்தான் 3 தடுக்காது. அதைப் பிடிக்க பைகோட்ஸ்டைல் போன்ற கருவிதான் வேண்டும். உள்தள்ளலில் டேப் இருந்தால் டபிள்யூ 191 என்றும், கலப்பு இருந்தால் ஈ 101 என்றும் அது சொல்லும்.

சி போன்ற அடைப்புக்குறி மொழிகளில் கம்பைலருக்கு உள்தள்ளல் பொருட்டே இல்லை, ஏமாறுவது மனிதக் கண். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பாதுகாப்புப் பிழையில், கோட்டூ ஃபெயில் என்ற வரி இரண்டாம் முறை வந்திருந்தது. இஃப் நிபந்தனைக்குள் இருப்பதுபோல் அது தள்ளி நின்றது; உண்மையில் வெளியே இருந்து எப்போதும் ஓடியது. அதற்குக் காரணம் டேப் அல்ல. ஆனால் உள்தள்ளலை நம்பித்தான் மனிதர்கள் நிரலைப் படிக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2016இல் வந்த ஜிசிசி 6 கம்பைலர், உள்தள்ளல் ஏமாற்றும் இடங்களை எச்சரிக்கத் தொடங்கியது. அந்த எச்சரிக்கையும் டேப்பை 8 இடமாகவே எண்ணும். உங்கள் அகலம் வேறென்றால் எஃப்-டேப்ஸ்டாப் தெரிவில் சொல்ல வேண்டும்.

மொழியே முடிவு செய்துவிட்ட இடங்கள் எவை?

கோ மொழியில் பேச்சுக்கே இடமில்லை. அதன் ஃபார்மேட்டரான (நிரலை விதிப்படி தானாக அடுக்கும் கருவி) கோஃபம்ட் டேப்பில்தான் உள்தள்ளும், மாற்ற அமைப்பும் கிடையாது. அமைப்புக் கோப்புகளில் பயன்படும் யாமல் இதற்கு நேர் எதிர்: உள்தள்ளலில் டேப் கூடவே கூடாது என்று அதன் வரையறையே சொல்கிறது. பைத்தானின் பெப் 8 ஆவணம் 4 ஸ்பேஸ் என்கிறது. ஏற்கெனவே டேப்பில் உள்ள நிரலில் மட்டும் டேப்பைத் தொடரச் சொல்கிறது. ரஸ்ட் மொழியின் ரஸ்ட்ஃபம்ட் இயல்பாக 4 ஸ்பேஸ், ரூபி எழுதுவோர் வழக்கம் 2 ஸ்பேஸ். பிஎச்பியில் பிஎஸ்ஆர் 12 விதி 4 ஸ்பேஸ். அதே பிஎச்பியில் எழுதப்படும் வேர்ட்பிரஸ் டேப், ட்ரூபல் 2 ஸ்பேஸ். ஆக, மொழியின் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. எந்தச் சமூகத்துக்குள் எழுதுகிறீர்கள் என்பதும் சேர்த்திதான்.

மேக்ஃபைலில் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்று வந்து நிற்கிறதே?

மேக்ஃபைல் என்பது நிரலைக் கட்டியெழுப்பும் மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பு. அதில் கட்டளை வரி டேப்பில் தொடங்காமல் ஸ்பேஸில் தொடங்குகிறது என்று அர்த்தம். சரியாக 8 ஸ்பேஸ் இருந்தால் குனு மேக் "8 ஸ்பேஸுக்குப் பதில் டேப் போட நினைத்தீர்களா" என்று கூடுதலாகக் கேட்கும். 4 ஸ்பேஸ் என்றால் அந்த உதவியும் வராது. மேக் கருவியை 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதினார். டேப் சரிப்பட்டு வராது என்று தெரிந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். குனு மேக் 3.82 முதல் ரெசிபிபிரிஃபிக்ஸ் என்ற மாறியால் டேப்புக்குப் பதில் வேறொரு எழுத்தை வைக்கலாம். அதைப் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கோப்பைத் திறக்கும் புதியவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஷெல் ஸ்கிரிப்ட்டிலும் இதே போன்ற ஓரிடம் உண்டு. ஹியர்டாக்கில் (ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே பல வரி உரையைக் கொடுக்கும் முறை) இரண்டு சிறிது குறிகளுக்குப் (<<) பின் ஒரு மைனஸ் போட்டால், உள்ளே உள்ள வரிகளின் தொடக்க டேப்கள் நீக்கப்படும். டேப்கள் மட்டும். ஸ்பேஸ் இருந்தால் அப்படியே நிற்கும். முடிவுச் சொல்லின் முன் ஸ்பேஸ் இருந்தால் ஹியர்டாக் முடியவே முடியாது. டேப்பை ஸ்பேஸாக மாற்றும் கருவியை ரெப்போ (புராஜெக்ட்டின் நிரல் தொகுப்பு) முழுக்க ஓட்டியவுடன் டிப்ளாய் ஸ்கிரிப்ட் உடைந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறோம், மொழியும் கட்டாயப்படுத்தவில்லை. எதை எடுப்பது?

மொழிக்கு ஃபார்மேட்டர் இருந்து அதற்கு ஓர் இயல்பு அமைப்பும் இருந்தால் அதையே எடுங்கள். வெளியிலிருந்து பங்களிப்பவர் எதையும் படிக்காமலே சரியாக எழுதுவார். அதுவே பெரிய லாபம். உண்மையிலேயே தேர்வு உங்கள் கையில் இருந்தால் எங்கள் பரிந்துரை டேப்.

காரணம், எல்லாரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. பார்வை குறைந்தவர் எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பார். அவருக்கு 4 ஸ்பேஸ் வீதம் நாலு நிலை உள்ளே போனால் பாதித் திரை வெற்றிடம். டேப் என்றால் அகலத்தை 1 அல்லது 2 ஆக்கிக்கொள்வார். பிரெய்ல் திரையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 40 கட்டம் கொண்ட கருவியில், 4 ஸ்பேஸ் வீதம் மூன்று நிலை உள்தள்ளல் 12 கட்டங்களை விழுங்கிவிடும். டேப் பொதுவாக நிலைக்கு ஒரு கட்டம், மொத்தம் 3. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் இலவசத் திரைவாசிப்பான் என்விடிஏ பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது. பெப் 8 ஸ்பேஸ் என்று சொன்னாலும் அந்த புராஜெக்ட்டின் விதி நிலைக்கு ஒரு டேப். குழுவில் இப்போது அப்படி ஒருவர் இல்லை என்பது இதற்குப் பதிலாகாது. நாளை சேரலாம், சேரத் தடையாக நாம் இருக்கக் கூடாது.

பைத்தானில் பிளாக் ஃபார்மேட்டரைப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தத் தேர்வு இல்லை. அது 4 ஸ்பேஸ் மட்டுமே தரும்.

அகலம் 2ஆ, 4ஆ, 8ஆ?

ஸ்பேஸ் என்றால் இதை முடிவு செய்தே ஆக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிரிட்டியர் ஃபார்மேட்டரின் இயல்பு 2. கால்பேக் அடுக்குகள் ஆழமாகப் போகும் மொழிக்கு அது பொருந்துகிறது. லினக்ஸ் கெர்னல் 8 என்று வைத்திருப்பதற்கு வேறு நோக்கம்: மூன்று நிலைக்கு மேல் போனால் வலது ஓரத்தில் இடிக்கும், ஃபங்ஷனைப் பிரித்து எழுத வேண்டியதாகும். அங்கே அகலம் ஒரு கட்டுப்பாடாகவே வேலை செய்கிறது.

டேப் என்றாலும் ஓர் எண் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: வரி நீள வரம்பு. "100 இடத்துக்கு மேல் போகக் கூடாது" என்றால் டேப்பை எத்தனையாக எண்ணுவது? கெர்னலின் செக்பேட்ச் 8 என்று எண்ணும். ஜாவாஸ்கிரிப்ட் சோதனைக் கருவியான ஈஎஸ்லின்ட்டின் நீள விதி, சொல்லாவிட்டால், 4 என்று எண்ணும். எழுதாமல் விட்டால் ஒருவர் கணினியில் தேறிய வரி சிஐயில் (வரும் நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) விழும். எண்ணைக் கருவியின் அமைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

"டேப்பால் தள்ளு, ஸ்பேஸால் நேர்படுத்து" என்கிறார்களே, அது எப்படி?

நிரல் எத்தனை நிலை உள்ளே இருக்கிறதோ அத்தனை டேப். அதற்குப் பின் ஒரு சொல்லை மேல்வரிச் சொல்லுக்கு நேராக நிறுத்த வேண்டுமென்றால் ஸ்பேஸ். ஒரு நிலை உள்ளே இருக்கும் ஃபங்ஷன் அழைப்பின் ஆர்க்யுமென்ட்டுகள் அடுத்த வரிக்குப் போய், திறப்பு அடைப்புக்குறிக்கு நேராக நிற்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு டேப், பிறகு ஃபங்ஷன் பெயரும் அடைப்புக்குறியும் பிடிக்கும் அளவு ஸ்பேஸ். இப்போது அகலத்தை 2 ஆக்கினாலும் 8 ஆக்கினாலும் இரண்டு வரியும் சேர்ந்தே நகரும். நேர்படுத்தலிலும் டேப் புகுந்தால் அகலம் மாறியவுடன் சிதறும்.

கையால் இதைச் சரியாகச் செய்வது கடினம். பல எடிட்டர்கள் வரி தொடக்கத்தில் வந்த 8 ஸ்பேஸைத் தானாக டேப்பாக மாற்றிவிடும். சி, சி பிளஸ் பிளஸ்ஸில் கிளாங்ஃபார்மேட்டின் யூஸ்டேப் அமைப்பில் அலைன்வித்ஸ்பேசஸ் என்று கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். எங்களைக் கேட்டால் நேர்படுத்தலையே விட்டுவிடலாம். தொடர் வரியை ஒரு நிலை உள்ளே தள்ளினால் போதும். நேர்படுத்திய பட்டியலில் ஒரு பெயர் நீண்டால் சுற்றியுள்ள பத்து வரியும் டிஃப்பில் (மாறிய வரிகளின் பட்டியலில்) வந்து நிற்கும்.

தமிழ்ச் சொற்களை நிரலில் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கோஃபம்ட் நேர்படுத்தும்போது ஒவ்வொரு யூனிகோட் குறியீட்டுக்கும் ஒரே அகலம் என்று எண்ணும். "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. எனவே தமிழ்ச் சாவிகள் உள்ள மேப்பில் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பு) மதிப்புகள் கோணலாகத்தான் நிற்கும். கையால் சரிசெய்ய முயலாதீர்கள். அடுத்த முறை சேமிக்கும்போது பழைய நிலைக்கே போய்விடும்.

விதியை எங்கே எழுதி வைப்பது?

ரெப்போவின் வேர் அடைவில், புள்ளியில் தொடங்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில். முதல் வரியில் ரூட் ட்ரூ. இல்லாவிட்டால் மேல் அடைவுகளில் உள்ள கோப்புகளையும் தேடிப் போகும். பிறகு நட்சத்திரக் குறிப் பகுதியில் பொது விதி: இன்டென்ட் ஸ்டைல், இன்டென்ட் சைஸ், வரி முடிவு எல்எஃப், குறியேற்றம் யுடிஎஃப் 8, கோப்பின் கடைசியில் புது வரி. அதன் கீழே விதிவிலக்குகள். மேக்ஃபைலுக்கு டேப், யாமலுக்கு 2 ஸ்பேஸ். கீழே வரும் பகுதிதான் மேலே வந்ததை வெல்லும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பொது விதியைக் கடைசியில் போட்டால் மேக்ஃபைலும் ஸ்பேஸாகிவிடும்.

வரியோர வெற்றிடத்தை நீக்கும் அமைப்பை மார்க்டவுனுக்கு மட்டும் அணைத்து வையுங்கள். அங்கே வரி முடிவில் வரும் இரண்டு ஸ்பேஸ் வரி முறிவைக் குறிக்கும்.

அந்தக் கோப்பு இருந்தும் தவறாக வருகிறதே?

ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்கள் அதைத் தாமாகவே படிக்கும். விஎஸ் கோடுக்கு எக்ஸ்டென்ஷன் நிறுவ வேண்டும். பலர் விடுவது இங்கேதான். எக்ஸ்டென்ஷன் இல்லாத விஎஸ் கோட், திறந்த கோப்பில் எது அதிகமோ அதை ஊகித்து உங்கள் சொந்த அமைப்பையும் மீறும். கலந்து கிடக்கும் கோப்பில் இந்த ஊகம் கலப்பை இன்னும் வளர்க்கும்.

அதனால் எடிட்டர் அமைப்பை ஓர் உதவியாக மட்டும் கருதுங்கள். காவல் சிஐயில் இருக்க வேண்டும். ஃபார்மேட்டர் உள்ள மொழிக்கு அதைச் சோதனை முறையில் ஓட்டினாலே போதும். மற்றவற்றுக்கு, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியிலேயே வசதி உண்டு. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் பைத்தான் கோப்புகளுக்கு ஒயிட்ஸ்பேஸ் பண்பாக டேப்-இன்-இன்டென்ட் என்றும், டேப் கேட்கும் கோப்புகளுக்கு இன்டென்ட்-வித்-நான்-டேப் என்றும் கொடுங்கள். இரண்டுமே இயல்பில் அணைந்திருக்கும். பிறகு சிஐயில் மெயின் பிராஞ்ச்சோடு ஒப்பிட்டு கிட் டிஃப்பை செக் தெரிவுடன் ஓட்டினால், மீறல் உள்ள வரி எண்ணைச் சொல்லித் தோல்வியில் முடியும். புதிதாகச் சேர்ந்த வரிகளை மட்டுமே அது பார்க்கும். பழைய ரெப்போவிலும் இன்றே தொடங்கலாம்.

இதன்பிறகு ரிவ்யூவில் யாரும் யாரையும் "இங்கே டேப் வந்திருக்கிறது" என்று சுட்ட வேண்டியதில்லை. முதல் புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பும் புதியவருக்கு இருபது கமென்ட் வந்து, இருபதும் வெற்றிடத்தைப் பற்றி என்றால் அவர் திரும்பி வர மாட்டார். இயந்திரம் சொன்னால் யாருக்கும் மனம் வருந்தாது.

பழைய ரெப்போ முழுக்கக் கலந்து கிடக்கிறது. மாற்றுவது எப்படி?

திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் குறைவாக உள்ள நாளைத் தேர்ந்து, முன்கூட்டியே அறிவியுங்கள். முதல் கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதியும் மாற்றத் தொகுப்பில்) அமைப்புக் கோப்புகள் மட்டும். இரண்டாவதில் மாற்றம் மட்டும். ஒரு எழுத்துத் திருத்தம்கூட அதில் கூடாது.

ஃபார்மேட்டர் இருந்தால் அதையே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் டேப்பிலிருந்து ஸ்பேஸுக்கு எக்ஸ்பாண்ட் கட்டளை. அதற்கு இனிஷியல் தெரிவு கட்டாயம். இல்லாவிட்டால் வரி நடுவே, ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் டேப்பும் மாறிவிடும். விம் எடிட்டரின் ரீடேப் கட்டளையை வெறுமனே ஓட்டினால் நடப்பதும் அதுதான். திரும்பும் திசைக்கு அன்எக்ஸ்பாண்ட். அதில் டேப் அகலத்தைக் கொடுத்தால் வரி முழுக்க மாற்றும் முறை தானாகவே இயங்கிவிடும்; அதைத் தடுக்க ஃபர்ஸ்ட்-ஒன்லி சேருங்கள்.

இரண்டு கட்டளையும் விடையைத் திரைக்குத்தான் அனுப்பும். அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால், படிப்பதற்கு முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும். தற்காலிகக் கோப்பில் எழுதி, அதன் உள்ளடக்கத்தைப் பழைய கோப்புக்குள் கேட் கட்டளையால் ஊற்றுங்கள். பெயர் மாற்றி மேலே வைத்தால் இயக்க அனுமதி போய்விடும்.

அடுத்து சரிபார்ப்பு. கிட் டிஃப்பில் மைனஸ் சிறிய டபிள்யூ கொடுத்தால் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் வெற்றிடத்தைத் தாண்டி ஏதோ மாறியிருக்கிறது. வராவிட்டாலும் அதுவே முழுச் சான்று அல்ல, ஏனென்றால் ஸ்ட்ரிங்குக்குள் மாறிய வெற்றிடத்தையும் அது பாராமல் விடும். பல வரி ஸ்ட்ரிங்குகள்தான் இங்கே ஆபத்து. அவற்றின் வரித் தொடக்கமும் உள்தள்ளல் என்றே கருவி நினைக்கும். பைத்தானில் முன்னும் பின்னும் ஏஎஸ்டி மரத்தை (நிரலின் இலக்கண அமைப்பை) ஒப்பிடுங்கள். பிளாக் இதைத் தானே செய்கிறது. பிறகு டெஸ்ட்டுகள் அனைத்தும்.

பாதியில் நிற்கும் பிராஞ்ச்சுகள் என்ன ஆகும்?

அப்படியே மெர்ஜ் செய்தால் தொட்ட கோப்பெல்லாம் மோதும். மூன்று படியில் சமாளிக்கலாம். மாற்ற கமிட்டுக்கு நேர் முந்திய கமிட்டை உங்கள் பிராஞ்ச்சுக்குள் மெர்ஜ் செய்து, உண்மையான மோதல்களைத் தீருங்கள். பிறகு மாற்ற கமிட்டை அவர்ஸ் ஸ்ட்ராடஜியில் மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் பக்கம் அப்படியே நிற்கும், வரலாற்றில் மட்டும் இணைப்பு பதிவாகும். கடைசியாக, அதே கருவியை அதே பதிப்பில் உங்கள் பிராஞ்ச்சில் ஓட்டி கமிட் செய்யுங்கள். மாற்ற கமிட்டில் வெற்றிடம் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான். வேறு திருத்தம் அதில் ஒளிந்திருந்தால் இரண்டாம் படியில் காணாமல் போகும்.

ஒரே கமிட்டில் எல்லா வரியும் மாறினால் கிட் பிளேம் பயனற்றுப் போகாதா?

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டுவது பிளேம். 2019இல் வந்த கிட் 2.23க்கு முன் அது நியாயமான எதிர்ப்பு. இப்போது இல்லை. மாற்ற கமிட்டின் முழு 40 எழுத்து ஹாஷை (அடையாள எண்ணை), புள்ளியில் தொடங்கும் கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதுங்கள். மேலே எண் குறி (#) இட்டு என்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு. கிட்ஹப் அந்தப் பெயரைக் கண்டால் தானாகவே மதிக்கும். சொந்தக் கணினியில் பிளேம் இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் அமைப்பை ஒவ்வொருவரும் ஒருமுறை போட வேண்டும். பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோ 2022இல் முழு நிரலையும் பிளாக்குக்கு மாற்றியபோது கையாண்டதும் இந்த வழிதான்.

ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்யும் ரெப்போ என்றால் ஹாஷ் மெர்ஜுக்குப் பின் மாறிவிடும். அதனால் இந்தக் கோப்பை அடுத்த புல் ரிக்வெஸ்ட்டில் சேருங்கள்.

வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய நிரல் சரியாகத் தெரிந்தும் ஓடவில்லை. டேப்பும் இல்லை.

பெரும்பாலும் யூனிகோட் 00ஏ0, அதாவது உடையா ஸ்பேஸ். வலைப்பக்கம், வேர்ட் கோப்பு, அரட்டைச் செயலி இவற்றிலிருந்து வரும். புதிய பைத்தான் பதிப்புகள் எண்ணைக் குறிப்பிட்டே பிழை சொல்லும். விஎஸ் கோட் இத்தகைய எழுத்துகளைப் பெட்டியிட்டுக் காட்டும்.

ஸ்பேஸ் போடுபவர்களுக்குச் சம்பளம் அதிகமாமே?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2017 கருத்துக்கணிப்பில் அப்படி ஒரு தொடர்பு தெரிந்தது. நாடு, அனுபவம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் 8.6 விழுக்காடு வேறுபாடு. தொடர்பு மட்டுமே, காரணம் அல்ல. குழு முடிவுக்கு இதை ஆதாரமாகக் கொண்டுவர வேண்டாம்.

ரெப்போவுக்குள் வைத்திருக்கும் பிறருடைய நிரலையும் மாற்றலாமா?

கூடாது. மூல புராஜெக்ட்டில் அடுத்த பதிப்பு வரும்போது, அவர்கள் செய்த மாற்றம் எது, உங்கள் உள்தள்ளல் மாற்றம் எது என்று பிரிக்க முடியாது. பாதுகாப்புத் திருத்தத்தின் பேட்ச் நேராகப் பொருந்தாமல் போகும். அந்த அடைவை ஃபார்மேட்டரின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். எடிட்டர்கான்ஃபிக்கில் அந்த அடைவுக்கு ஒரு பகுதி போட்டு, இன்டென்ட் ஸ்டைல் உட்பட எல்லா மதிப்பையும் அன்செட் என்று கொடுங்கள். கருவி உருவாக்கும் கோப்புகளுக்கும் இதே விதிதான்.